பரங்கிமலை பீரங்கியும் பாரிஸ் பீரங்கியும்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைப்பதைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் புழுதி எழும்பும், சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வரும். அந்த இடைவெளியைக் கொண்டு ஒலியின் வேகத்தைக் கணக்கிடலாம். ஆனால் காற்று நம் பக்கம் வீசினால் சத்தம் சீக்கிரம் வந்துவிடும், வெயில் ஏறினாலும் அப்படியே. இதில் எந்தக் கணக்கை நம்புவது?

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் இயற்பியல் பாடத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. 1822 ஜூன் 21, 22 இரவுகளில் பாரிஸுக்குத் தெற்கே வில்ழுயிஃப், மோன்லேரி என்ற இரண்டு ஊர்களில் பீரங்கி வைத்தார்கள். முதல் ஊரில் அராகோ, அடுத்ததில் கே-லுசாக், ஹம்போல்ட். நடுவே 18,612 மீட்டர். இரு பக்கமும் மாறி மாறிச் சுட்டார்கள். போகிற சத்தத்தைத் தள்ளிவிடும் காற்று, வருகிற சத்தத்தைத் தடுக்கும். சராசரி எடுத்தால் காற்றின் பங்கு கழிந்துபோகும்.

ஆனால் அதற்குச் சற்று முன்பே, 1820, 21ஆம் ஆண்டுகளில், சென்னையிலும் இதே சோதனை நடந்தது. அதை எங்கள் பாடம் சொல்லவில்லை. பரங்கிமலையிலும் கோட்டையிலும் பீரங்கி வெடிக்க, நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் ஜான் கோல்டிங்காம் நேரம் குறித்தார். எதிர்ப் பீரங்கி இல்லை. அதனால் ஒவ்வொரு வெடிக்கும் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினார். குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்தப் பொறுமையின் அருமை புரிகிறது.

வெப்பமானி ஒரு டிகிரி பாரன்ஹீட் ஏறினால் வேகம் நொடிக்கு 1.2 அடி கூடும் என்றார். இன்றைய கணக்கு சுமார் 1.1 அடி. ஆனால் காற்றழுத்தத்துக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டார். வெப்பம் மாறாதவரை அழுத்தத்தால் ஒலியின் வேகம் மாறாது என்பது இன்று தெரிந்த விஷயம். சென்னையில் வெயில் கூடும் மாதங்களில் அழுத்தம் இறங்கும். சேர்ந்தே மாறும் இரண்டில் வேலை செய்தது எது என்று பதிவேட்டை மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம்.

பெரம்பலூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் கல்லை நூலில் கட்டி ஊசல் சோதனை செய்வார்கள். பெரிய கல், அதற்கு நீளமான நூல். ஊசல் மெதுவாக ஆடும். "கனமான கல் மெதுவாக ஆடுகிறது, தாத்தா" என்று எழுதி வந்து காட்டுவார்கள். அதே நூலில் சின்னக் கல்லைக் கட்டச் சொல்வேன். வேகம் மாறாது. உடனே அவர்களே நூலைச் சுருக்கிப் பார்ப்பார்கள்.

விடை சரியா என்றுதான் நாம் பிள்ளைகளைக் கேட்கிறோம். எதை மாற்றாமல் வைத்தாய் என்றும் கேட்க வேண்டும்.