உடலுழைப்புக் குறைவு: மறதிநோயின் காரணமா, முற்குறியா?

முதுமையில் உடலுழைப்புக் குறைந்தவர்களிடம் மறதிநோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. உழைப்புக் குறைந்ததால் நோய் வந்தது என்று அத்தொடர்பை வாசிப்பதில்தான் சிக்கல். அவ்வாறு வாசிக்கும் ஆய்வு மரபு செல்வாக்கு மிக்கது. லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 இடர்க்காரணிகளுள் உடலுழைப்பின்மையும் இடம்பெற்றுள்ளது. ஆனால் அறுபதைக் கடந்தவர்களிடம் காணும் தொடர்பின் பெரும்பகுதி தலைகீழானது, அதாவது மூளையில் தொடங்கிவிட்ட நோயே மனிதரை நடமாட்டத்திலிருந்து பின்வாங்கச் செய்கிறது என்பது என் வாதம்.

இதற்கு முதன்மைச் சான்று, வைட்ஹால் 2 தரவுகளைக் கொண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2017இல் வெளியான ஆய்வு. 1985–88இல் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 10,308 லண்டன் அரசு அலுவலர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். 2013 வரை ஏழு முறை அவர்களுடைய உடலுழைப்பு கேட்டறியப்பட்டது. 2015 வரையிலான பதிவேடுகளின்படி 329 பேருக்கு மறதிநோய். வாரத்துக்கு 2.5 மணி நேரமோ அதற்கு மேலோ மிதமான அல்லது கடும் உழைப்பில் ஈடுபட்டவர்களுக்கான இடர் விகிதம் 1.00 (0.80–1.24). பாதுகாப்பும் இல்லை, பாதகமும் இல்லை.

விவாதமெல்லாம் இந்த 1.00ஐச் சுற்றியே நடக்கிறது. கட்டுரையின் இரண்டாம் பகுதியை அதைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன். நோய் உறுதியான நாளிலிருந்து 28 ஆண்டுகள் பின்னோக்கிப் போய், நோயுற்றோரையும் நோயற்றோரையும் அங்கே ஒப்பிட்டிருக்கிறார்கள். நெடுங்காலம் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிளவு தோன்றுகிறது: நோயுற்றோர் வாரத்துக்கு 0.39 மணி, அதாவது ஏறத்தாழ 23 நிமிடம், குறைவாக உழைக்கிறார்கள். நோய் உறுதியாகும் தறுவாயில் அது 1.03 மணி நேரமாக விரிகிறது.

ஒன்பது என்ற எண்ணை இறுகப் பற்றிக்கொள்ளக் கூடாது. அந்தப் புள்ளியில் பி மதிப்பு 0.05, விளிம்பில் நிற்கும் மதிப்பு. இன்னும் சில நோயாளிகள் சேர்ந்திருந்தால் எட்டு என்றோ பதினொன்று என்றோ வந்திருக்கலாம். என் வாதம் பிளவு தொடங்கும் ஆண்டில் இல்லை, அதன் வடிவில் இருக்கிறது. நடுவயதுச் சோம்பலே காரணமென்றால் இடைவெளி நடுவயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நோய் நெருங்க நெருங்க மட்டுமே அது அகல்கிறது.

பிந்தைய ஆண்டுகளின் அந்தச் சரிவே நோயைக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கலாம். அல்சைமர் நோயில் அமிலாய்டு படிவு அறிகுறிகளுக்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே சரிவு தொடங்கும்போது பலருடைய மூளையில் நோய் ஏற்கெனவே குடியேறியிருக்கும். சரிவு நோயை விரைவுபடுத்துகிறதா என்பதை இத்தரவு தீர்க்காது.

வலுவான ஆட்சேபம் வினாப்பட்டியலைப் பற்றியது. மனிதர்கள் தம் உழைப்பைப் பற்றிச் சொல்வது துல்லியமற்றது; துல்லியமற்ற அளவீடு உண்மைத் தொடர்பையும் மழுங்கடிக்கும். நியாயமான ஐயம்தான். இதற்கான விடை 19 ஆய்வுகளின் 4,04,840 பேரை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் கிடைக்கிறது. நோய்க்கு முந்தைய பத்தாண்டுக்குள் அளந்த உடலுழைப்பின்மைக்கு இடர் விகிதம் 1.40; பத்தாண்டோ அதற்கு மேலோ முன்பு அளந்ததற்கு 1.01. அதே தொகுப்பில் உடலுழைப்பின்மை நீரிழிவோடு 1.42 என்றும், இதயத் தமனி நோயோடு 1.24 என்றும் தொடர்பு காட்டியது. நீரிழிவை முன்கூட்டிக் காட்ட முடிந்த வினாக்கள் மறதிநோயில் மட்டும் குருடாகிவிட்டன என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

பதிவேடுகள் லேசான நோயைத் தவறவிடும் என்பது மெய். முடிவின் திசையை அது புரட்டிவிடாது. 1968இல் கோத்தன்பர்க் நகரப் பெண்களிடம் தொடங்கிய நீண்ட ஆய்வு எதிர்ச்சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அங்கே மிதிவண்டிச் சோதனையில் அளந்தது உடற்திறனை, உழைப்பை அல்ல. பெண்களும் 191 பேரே. சமவாய்ப்புச் சோதனைகளும் பழைய மரபுக்குக் கைகொடுக்கவில்லை. 70 முதல் 89 வயதுடைய 1,635 பேரிடம் அமெரிக்காவில் நடந்த லைஃப் சோதனையில், இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின்னும் அறிதிறனில் வேறுபாடு இல்லை.

இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நடை தரும் நன்மையை இவ்வாதம் தொடவில்லை. ஆனால் 'நடக்கச் சொல்லியும் கேட்கவில்லை, அதனால்தான் வந்தது' என்று நோயாளியின் மீது சுமத்தப்படும் பழிக்கு இத்தரவுகளில் ஆதாரம் இல்லை. அந்தப் பழியைக் குடும்பங்கள் சுமப்பது கொடுமை. அறுபதைக் கடந்தவர்களைப் பற்றிய எந்த ஆய்வும் முதல் பத்தாண்டு நோயாளிகளை நீக்கிவிட்டு ஒருமுறை கணக்கிட்ட பிறகே காரணம் பற்றிப் பேச வேண்டும். மருத்துவரும், நாள்தோறும் நடந்துவந்த ஒருவர் வெளிப்படையான காரணமின்றி நடையை விட்டுவிட்டால், அறிவுரை கூறுவதற்கு முன் அவருடைய நினைவாற்றலையும் ஆர்வக் குறைவையும் விசாரிக்க வேண்டும்.