மேரி ஜோ ஊர் திரும்பவில்லை

1960 செப்டம்பரில் கென்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு விமானமேறிய மாணவர் கூட்டத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் மேரி ஜோசபின். தோழியருக்கு மேரி ஜோ. 1966 ஜனவரியில் நைரோபி திரும்பியவளின் பெயர் வங்காரி மூத்தா. இருவரும் ஒருவரே. பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாயின் வரலாற்றில் இது ஒரு சிறு குறிப்பு மட்டுமே. ஆயினும் அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் குறிப்பிலேயே நின்றுவிடுகிறது.

நியேரிப் பகுதியின் இஹிதே என்னும் சிற்றூரில் 1940 ஏப்ரல் 1 அன்று பிறந்தவர் அவர். மூத்த பெண்குழந்தைக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரை இடுவது கிக்குயு மக்களின் மரபு. 'பெயர்த்தி' என்ற சொல்லைப் புழங்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிக்குயுக்களின் தொன்மக் கதையில் வரும் ஆதித்தாயின் மகள்களுள் ஒருத்தியின் பெயரும் வங்காரிதான். சிறுத்தைக்கு உரியவள் என்பது அதன் பொருள்.

பதினொரு வயதில் அவர் மதாரியிலிருந்த கத்தோலிக்க மிஷன் விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தாய்மொழி பேசி அகப்பட்டவர், அதை ஒப்புக்கொள்ளும் இழிசொல் பொறித்த பொத்தானை அணிந்துகொள்ள வேண்டும். அடுத்து அகப்படுபவரிடம் அது கைமாறும். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளைக் காவல் காக்கும் ஏற்பாடு அது. கத்தோலிக்கராகி, மேரி ஜோசபின் என்னும் பெயரை ஏற்றதும் அந்த ஆண்டுகளில்தான்.

தொழிற்சங்கத் தலைவர் டாம் ம்போயாவின் முயற்சியால் கென்ய மாணவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. 1960ஆம் ஆண்டுப் பயணங்களுக்குக் கென்னடி குடும்ப அறக்கட்டளை பொருளுதவி செய்தது. அவ்வாண்டு சென்ற ஏறத்தாழ 300 பேருள் இவரும் ஒருவர். நியூயார்க்கிலிருந்து கான்சாஸுக்குப் பேருந்தில் செல்லும் வழியில், இண்டியானாவில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் குளிர்பானம் கேட்டனர். வாங்கலாம், உள்ளே அமர்ந்து குடிக்கக் கூடாது என்றனர். வெள்ளையர் ஆட்சியிலிருந்த நாட்டிலிருந்து சென்றவருக்கு நிறவேற்றுமை புதிதன்று. அமெரிக்காவிலும் அது காத்திருக்கும் என்பதுதான் அவர் எதிர்பாராதது.

அட்சிசன் நகரில் கன்னியர் நடத்திய கல்லூரியில் உயிரியல் பயின்று 1964இல் பட்டம் பெற்றார். அக்கன்னியர் தம்மிடம் காட்டிய அன்பை அவர் இறுதிவரை மறக்கவில்லை. அங்கிருந்தபோதே, 1963 டிசம்பர் 12 அன்று கென்யா விடுதலை பெற்றது. பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை. கரிப்புகை சூழ்ந்திருந்த அந்நகரம் தன் காற்றைத் தூய்மைப்படுத்த முனைந்ததை அவர் கண்டதும் அப்போதுதான்.

ஊர் திரும்பியபோது மேரி ஜோசபினை விட்டுவிட்டார்; சமயத்தை விடவில்லை. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். சொந்த ஊரில் அந்நியப் பெயர் படிப்பின் அடையாளமாக, ஏன், மதிப்பின் அடையாளமாகவே இருந்தது. அந்தப் பெயர்கள் சர்வசாதாரணமாக வழங்கும் நாட்டில் வாழ்ந்தபிறகு அந்த மதிப்பு கரைந்துபோயிருக்கும். தன்னைத் தன் முன்னோருடன் பிணைப்பது எந்தப் பெயர் என்ற கேள்விக்கு அப்போது விடை தேட வேண்டியதில்லை.

பெயரை மீட்டவருக்கு ஊர் உடனே இடம் தந்துவிடவில்லை. எழுத்து மூலம் உறுதியளிக்கப்பட்ட ஆய்வு உதவியாளர் பணி, வந்து சேர்ந்தபோது வேறொருவருக்குப் போயிருந்தது. தாம் பெண் என்பதும் இன்ன இனத்தவர் என்பதுமே காரணம் என்று அவர் கருதினார். கால்நடை உடற்கூற்றியல் துறையில் வேலை தேடிக்கொண்டு, 1971இல் முனைவரானார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். சிற்றூர்ப் பெண்களின் கைகளால் கோடிக்கணக்கான மரங்கள் எழுந்தன. 2004இல் நோபல் பரிசு வந்தது. 2011 செப்டம்பர் 25 அன்று மறைந்தார்.

பெயரின் கதையில் இன்னும் ஒரு வரி உண்டு. 1979இல் மணமுறிவு ஏற்பட்டதும், தம் குடும்பப் பெயரை இனி அவர் பயன்படுத்தலாகாது என்றார் கணவர். வங்காரி அப்பெயரை விடவில்லை. ஆங்கில எழுத்தில் ஓர் அகரத்தை மட்டும் கூட்டிக்கொண்டார். மத்தாய், மாத்தாய் ஆயிற்று. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள தொலைவை அறிந்த நமக்கு அந்த ஓர் எழுத்தின் கனம் புரியும். பிறர் இட்ட பெயரை ஒருமுறை கழற்றி வைத்துப் பழகியவர், பிறர் பறிக்க வந்த பெயரைத் தமதாக்கிக்கொள்ளவும் அறிந்திருந்தார்.