மலைநாட்டுப் புகையிரதப் பெட்டிகளின் இருக்கை அமைப்பு

இலங்கையின் கொழும்பு–பதுளைப் பாதையில் ஓடும் பயணிகள் பெட்டிகளில், குறிப்பாகச் சுற்றுலாப் பயணிகள் நாடும் பெட்டிகளில், இருக்கைகள் அமைந்துள்ள முறையும் அதன் வரலாறும்.

கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கவே இப்பாதை போடப்பட்டது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என அது மலையேறியது. இருக்கைகள் மூன்று வகுப்புகளாகப் பிரிந்திருந்தன. தோட்டத் தொழிலாளர் ஏறியது மூன்றாம் வகுப்பில். 

1956இல் பி. டி. ரம்பல புகையிரதத் திணைக்களத்தை நடத்திய காலத்தில் ‘உடரட்ட மெனிக்கே’ வண்டி அப்பெயரைப் பெற்றது. அதிலும் ‘பொடி மெனிக்கே’ வண்டியிலும் இணைக்கப்பட்டுவந்த ஒப்சவேஷன் சலூனே இப்பாதையில் காட்சிக்கென்று அமைந்த பெட்டி. அது தொடரின் கடைசியில் நிற்கும். நாற்காலிகள் பின்னோக்கித் திரும்பியிருக்கும். பின்சுவர் முழுவதும் பெரிய கண்ணாடி. அதையொட்டிய கடைசி வரிசைக்குத்தான் போட்டி அதிகம். ஹட்டனைக் கடந்து சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைந்தால், நுழைவாயில் சிறுத்துச் சிறுத்து விலகுவதை முழுமையாகக் காணக்கூடியவர் அவ்வரிசையினரே. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே சென்கிளையர் அருவியும் மற்றவர்களுக்குச் சட்டென்று கடந்துபோக, இவர்களுக்கு மெல்லவே விலகும். எந்தப் பக்கம் அமர்வது நல்லது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. நானுஓயா வரை வலம், அதன் பின் இடம் என்பது பரவலான பரிந்துரை.

சலூன் கடைசியில் நிற்கும் இவ்வமைப்புக்கு ஒரு சிக்கல் உண்டு. கண்டி நிலையத்துக்குள் சென்று திரும்பும் வண்டிக்கு எஞ்சின் மறுமுனைக்கு மாறவேண்டும். பெட்டியையும் இடம் மாற்றாவிட்டால் சலூன் எஞ்சினை ஒட்டிவிடும். கண்ணாடிக்கு வெளியே தெரிவது எஞ்சின் மட்டுமே.

2010களில் சீனத் தயாரிப்பு டீசல் தொடர்கள் வந்தபின் சலூன்களின் பயன்பாடு குறைந்தது. புதிய முதல் வகுப்பு குளிரூட்டப்பட்டது. அதன் சன்னல்கள் திறவா. தேயிலை மலையின் குளிர்காற்றை முகத்தில் வாங்க விரும்புவோர் சன்னல் திறக்கும் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளையே கேட்கின்றனர். வாசல் மிதிபலகையில் காலைத் தொங்கவிட்டு அமரும் வழக்கமும் பரவியுள்ளது. அதில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. வாசலை நாடும் இந்த ஆசைக்குப் பாதுகாப்பான ஓர் இருக்கை இன்னும் வடிவமைக்கப்பட வேண்டியுள்ளது.

சுற்றுலாவுக்கென இப்பாதையில் ‘எல்ல ஒடிசி’ என்ற வண்டி 2022இல் தொடங்கியது.