தில்லைக் காட்டில் ஒரு கலப்பு மரம்

தில்லை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன அம்பலமும் ஆடலரசனும். ஆனால் ஊருக்குப் பெயர் தந்தது மரமே. உவர்நிலச் சேற்றில் வளர்வதும், தன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குத் துன்பம் தருவதுமான தில்லை மரமே சிதம்பரத்தின் பழம்பெயருக்கு மூலம். கோயிலின் தலமரமும் அதுவே. இன்று அம்மரத்தைக் காண விழைவோர் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்துக் கழிகளுக்குச் செல்ல வேண்டும்.

அக்கழிகளில் தில்லையைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர வேண்டிய இன்னொரு மரமும் உண்டு. அதன் பெயர் வரலாறு அரை நூற்றாண்டைக்கூட எட்டாதது. எனினும் நாம் அறிந்துகொள்ள வேண்டியது.

பிச்சாவரத்தில் படகில் செல்வோர் கால்வாயின் இருமருங்கும் வில்போல் வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும் தாங்குவேர்களைப் பார்த்திருப்பர். சுரபுன்னை என்று பொதுவாக அழைக்கப்படும் இம்மரங்களைத் தாவரவியலார் ரைசோபோரா என்பர். இவ்வினத்தில் இரண்டு வகைகள் இங்கே அடுத்தடுத்து வளர்கின்றன. ஒன்று அபிகுலேட்டா, குட்டையான தடித்த காம்பில் இரண்டிரண்டாகப் பூப்பது, இதழில் மயிர் இல்லாதது. மற்றொன்று முக்ரொனேட்டா; அகன்ற இலையும், நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூக்களும், மயிரடர்ந்த இதழ்களும் உடையது. இவ்விரண்டனுள் எதிலும் முழுமையாக அடங்காத சில மரங்கள் இடையிடையே நின்றன. அவற்றை என்னவென்று சொல்வது?

1980களில் அவற்றை ரைசோபோரா லமார்க்கி என்று குறித்தனர். அது பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிலிருந்து அறியப்பட்ட பெயர். அபிகுலேட்டாவுக்கும் ஸ்டைலோசா என்னும் வேறொரு வகைக்கும் பிறந்த கலப்பு மரத்துக்கு உரியது. நம் ஊர் மரத்துக்கு அது இரவற்பெயராகவே இருந்தது. 1995இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசன், இதனைப் புதிய இனமென விவரித்து, ரைசோபோரா அண்ணாமலையானா எனப் பெயரிட்டார். பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு மரத்தின் மேல் ஏறியது அவ்வாறுதான்.

கதை அத்துடன் முடியவில்லை. 1997இல் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மரபணுக் குறியீடுகளைக் கொண்டு இம்மரத்தின் பெற்றோரை ஆராய்ந்தனர். அபிகுலேட்டா, முக்ரொனேட்டா ஆகிய இரண்டின் அடையாளங்களும் இதில் ஒருங்கே இருந்தன. தனியினம் அன்று, கலப்பு என்பது தெளிவாயிற்று. அதன்பின் பெயரின் நடுவே ஒரு பெருக்கற்குறி சேர்ந்தது; அண்ணாமலைப் பெயர் மட்டும் நீங்கவில்லை. பிற்கால ஆய்வுகளில் இதே கலப்பு இலங்கையிலும் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது.

உறவுடைய ஈரினங்களின் எல்லைகள் தொடுமிடத்தில் இவ்வாறு நிகழ்வது உலகெங்கும் உண்டு. அமெரிக்க, மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் தனியினமாக நெடுங்காலம் எண்ணப்பட்ட ஹாரிசோனியை என்னும் ரைசோபோராவும் இத்தகைய கலப்பே என்று இன்று கொள்ளப்படுகிறது. விலங்குகளிலும், ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் ஐரோப்பிய பேட்ஜரும் ஆசிய பேட்ஜரும் சந்திக்குமிடத்தில் கலப்பு நேர்கிறது.

தமிழ் படித்த நமக்கு இதனைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் உயிர் நின்றால் இடையே ஒரு யகரமோ வகரமோ தோன்றும். அதனை உடம்படுமெய் என்பர். மணி, அழகு என்னும் இரண்டிலும் யகரம் இல்லை. மணியழகு எனச் சேர்ந்தால் உண்டு. பிரித்தால் மறையும். அண்ணாமலையானாவும் அத்தகையதே. இக்கலப்பு மரம் பூக்கும். ஆயின் மற்றச் சுரபுன்னைகளைப் போல் இதன் கிளைகளில் முளைவிட்ட நாற்றுகள் தொங்குவது மிக அரிது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ள வல்லமை இல்லாததால், பெற்றோர் இருவரும் அருகருகே நின்று பூத்தால்தான் இனியும் ஒன்று பிறக்கும்.

நாம் கவலைகொள்ள வேண்டிய இடம் இதுவே. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970கள் வரை இக்காடு பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டது. வெட்டிய நிலம் தாழ்ந்து, புகுந்த கடல்நீர் வடியாமல் தேங்கி, உப்பேறி, மரம் முளைக்காத களராயிற்று. 1990களில் வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் கால்வாய்கள் வெட்டி அலைநீரை உள்ளே விட்ட பின்னரே அங்கே பசுமை மீண்டது. ஆனால் உப்பை மிகத் தாங்கும் வெண்கண்டல் விரைந்து பரவுவதுபோல் சுரபுன்னை பரவுவதில்லை. அது நன்னீர் கலந்து அலை வந்துபோகும் கால்வாயோரத்தையே நாடும். கொள்ளிடத்தில் வரும் நன்னீர் குறையக் குறைய அந்தக் குறுகிய விளிம்பும் சுருங்கும். பெற்றோரில் ஒன்று விலகினாலும் உடம்படுமெய்க்கு இடமில்லை.

2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மகிழத்தக்க செய்தி. ஆனால் காட்டின் பரப்பு மட்டும் கணக்கில் ஏறினால், வெண்கண்டலே நிறைந்த காடும் வளமான காடாகவே தோன்றும். எத்தனை வகைகள் அருகருகே நிற்கின்றன என்பதையும் எண்ண வேண்டும். நாற்று நட்டு வளர்த்துவிடலாம் என்னும் ஆறுதல் இந்த ஒரு மரத்துக்குப் பொருந்தாது.

தில்லை மரம் நகரை விட்டு நீங்கியது. பெயர் மட்டும் நம்மிடம் தங்கியது. அண்ணாமலைப் பெயர் தாங்கிய மரத்துக்கும் அந்நிலை வாராதிருக்க வேண்டும். அடுத்தமுறை பிச்சாவரம் செல்லும் அன்பர்கள், அறிந்த படகோட்டி வாய்த்தால், அதனைக் காட்டச் சொல்லிப் பார்த்து வருக.