மடித்த தாளில் பிறந்த புத்தகம்

காமிக்ஸ் புத்தகத்தின் வரலாற்றைச் சொல்ல வருவோர் பெரும்பாலும் 1938இல் வெளிவந்த சூப்பர்மேன் கதையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அந்த மெல்லிய வண்ண இதழின் வடிவம் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே உருவாகிவிட்டிருந்தது. அதை உருவாக்கியவர்கள் ஓர் அச்சகத்தின் விற்பனைப் பிரிவில் பணியாற்றியவர்கள். அதன் பக்கங்களை நிரப்பியவை, செய்தித்தாள்களில் வெளியாகிப் பழைய தாளோடு சேர்ந்துவிட்ட சித்திரத்தொடர்கள். இந்த மறுபதிப்பு இதழ்களைப் பற்றி, அவை ஒரு முன்கதை என்பதற்கு மேலாக, அதிகம் பேசப்படுவதில்லை.

அமெரிக்கச் செய்தித்தாள்களில் 'ஸ்ட்ரிப்' எனப்படும் சித்திரத்தொடர் இருவகையாக வந்தது. வார நாட்களில் கறுப்பு வெள்ளையில் மூன்று நான்கு கட்டங்கள் கொண்ட ஒற்றை வரிசை. ஞாயிறு இணைப்பில் வண்ணத்தில் அரைப்பக்கம் அல்லது முழுப்பக்கம். இவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கும் வழக்கமும் இருந்தது. கப்பிள்ஸ் அண்ட் லியான் நிறுவனம் 'மட் அண்ட் ஜெஃப்' போன்ற தொடர்களைக் கறுப்பு வெள்ளையில், தடித்த அட்டையுடன், 25 சென்ட் விலையில் வெளியிட்டு வந்தது. ஆனால் சிறுவர்கள் தம் கைக்காசில் வாங்கும் விலையில் வண்ண இதழ் என்று ஒன்று நிலைபெற்றிருக்கவில்லை.

கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரிலிருந்த ஈஸ்டர்ன் கலர் பிரிண்டிங் நிறுவனம் பல செய்தித்தாள்களுக்கு ஞாயிறு வண்ண இணைப்புகளை அச்சிட்டுக் கொடுத்து வந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது. இயந்திரங்களைச் சும்மா நிறுத்திவைக்காமல் வேலை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அங்கே பணியாற்றிய ஹாரி வில்டன்பெர்க்கும் மாக்ஸ் கெய்ன்ஸும் ஒரு வழி கண்டார்கள். டாப்ளாய்டு அளவுப் பக்கத்தை மேலும் ஒருமுறை மடித்தால் கைக்கு அடக்கமான ஓர் இதழ் கிடைக்கும். ஞாயிறு சித்திரங்களைச் சுருக்கி அதில் அடக்கிவிடலாம். 1933இல் இப்படி உருவான 'ஃபன்னீஸ் ஆன் பரேட்', ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பொருட்களுக்கான கூப்பன்களை அனுப்பியவர்களுக்கு இனாமாக வழங்கப்பட்டது. சோப்புக்குக் கொடுக்கப்பட்ட இனாம்தான் காமிக்ஸ் இதழின் தொடக்கம்.

இனாமாகப் போவதை விலைக்கும் விற்கலாம் என்று கெய்ன்ஸ் நம்பினார். சில பிரதிகளின் மேல் 10 சென்ட் என்ற சீட்டை ஒட்டிப் பத்திரிகைக் கடைகளில் வைத்துப் பார்த்தார் என்றும், அவை வார இறுதிக்குள் விற்றுத் தீர்ந்தன என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், 1934 ஜூலை எனத் தேதியிட்ட 'ஃபேமஸ் ஃபன்னீஸ்' முதல் இதழ் அதே 10 சென்ட் விலையில் கடைகளுக்கு வந்தது. 1955 வரை 218 இதழ்கள் வெளிவந்தன. 1936இல் 'பாப்புலர் காமிக்ஸ்', 'கிங் காமிக்ஸ்', 'டிப் டாப் காமிக்ஸ்' என அதன் வழியில் மேலும் சில மறுபதிப்பு இதழ்கள் தோன்றின.

செய்தித்தாள் தொடர்களின் மறுபதிப்பு உரிமை சிண்டிகேட் நிறுவனங்களிடம் இருந்தது. அதற்கு விலை கொடுக்க வேண்டும். அவ்வளவு பணம் இல்லாத மால்கம் வீலர்-நிக்கல்சன், 1935இல் 'நியூ ஃபன்' என்ற இதழைப் புதிய சித்திரங்களை மட்டுமே கொண்டு தொடங்கினார். அசலான காமிக்ஸ் என்ற துறை இவ்வாறு பெரிதும் சிக்கனத்தின் விளைவாக வேரூன்றியது. சூப்பர்மேனும் இதற்கு விலக்கன்று. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அதைச் செய்தித்தாள் தொடராகவே வரைந்து ஆண்டுக்கணக்கில் சிண்டிகேட்டுகளிடம் அலைந்தார்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' அதை ஏற்றபோது, வரைந்து வைத்திருந்த வரிசைகளை வெட்டி, இதழின் பக்க அளவுக்கு மாற்றி ஒட்டி, 13 பக்கங்களாக்கிக் கொடுத்தார்கள். உரிமையும் சேர்த்து அதற்குக் கிடைத்த தொகை 130 டாலர். எங்கும் மறுபதிப்பாக வராத கதை, மறுபதிப்பு செய்யும் முறையிலேயே புத்தகமாயிற்று. அது வென்ற பிறகு, 1939 ஜனவரியில், அவர்கள் முதலில் விரும்பிய செய்தித்தாளிலும் இடம் கிடைத்தது.

இந்த வெட்டி ஒட்டும் வேலைதான் நாம் கவனிக்க வேண்டியது. அன்றாடத் தொடர் ஒரு நாளைக்கு ஒரு வாய் என்ற கணக்கில் எழுதப்படுவது. நேற்றைய நிகழ்ச்சியை முதற்கட்டம் நினைவூட்டும். நாளைய இதழை வாங்க வைக்கும் ஒரு கொக்கி கடைசிக் கட்டத்தில் இருக்கும். இடையில் ஓர் இரவு கழிய வேண்டும். அதே வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதும் அந்த இரவு மறைந்துவிடுகிறது. நினைவூட்டல் கூறியது கூறலாகத் தோன்றுகிறது. கொக்கி அடுத்த வரியிலேயே அவிழ்ந்துவிடுகிறது. பக்க அளவுக்குப் பொருந்தாத கட்டங்கள் ஓரம் நறுக்கப்பட்டன, அல்லது வேறு கையால் நீட்டி வரையப்பட்டன. செய்தித்தாளின் அகன்ற பக்கத்தை மனத்தில் கொண்டு அலெக்ஸ் ரேமண்ட் வரைந்த 'ஃப்ளாஷ் கார்டன்', 'கிங் காமிக்ஸ்' இதழின் சிறிய பக்கங்களில் மிகவும் குறுகிப்போயிற்று.

இந்த நறுக்கல் நமக்கும் அந்நியமானதல்ல. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், லீ ஃபாக்கின் 'ஃபாண்டம்' செய்தித்தாள் தொடரைத் தன் பக்க அளவுக்கு வெட்டித் தந்தது. கதையில் வரும் 'பெங்காலி' என்ற நாட்டின் பெயரையும் 'டெங்காலி' என்று மாற்றியது. 1984இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழான 'கத்தி முனையில் மாடஸ்டி'யும், 1963 முதல் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் வந்துகொண்டிருந்த தொடரின் கதையே. மாடஸ்டி பேசும்போது சொன்னதையே அடிக்கடி மீண்டும் சொல்வதாகத் தோன்றினால், அது மொழிபெயர்ப்பாளரின் குறையாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த நாள் நாளிதழைப் பிரித்த லண்டன் வாசகனுக்காக எழுதப்பட்ட வரி அது.

சிதைத்தவை என்று இந்த இதழ்களை ஒதுக்கிவிடவும் முடியாது. செய்தித்தாள் மறுநாளே பொட்டலத்தாள். தொடரை ஓரளவு கோவையாக மீண்டும் படிக்க அக்காலத்துச் சாதாரண வாசகனுக்கு இருந்த மலிவான வழி இவை. நூலகங்களில் கட்டிவைத்திருந்த செய்தித்தாள்களுக்கும் பின்னாளில் ஆபத்து வந்தது. மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு மூலத்தைக் கழிக்கும் வழக்கம் பரவியது. அந்தக் கறுப்பு வெள்ளைச் சுருள்களில் ஞாயிறு பக்கங்களின் வண்ணம் அழிந்துபோனது. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த பில் பிளாக்பியர்டு அந்தக் கட்டுகளைக் கேட்டுப் பெறுவதற்காகவே 1968இல் ஓர் இலாபநோக்கற்ற நிறுவனத்தைத் தொடங்கித் தன் வீட்டையே கிடங்காக்கினார். 1998இல் அச்சேகரிப்பு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது அதன் எடை ஏறத்தாழ 75 டன். பழைய தொடர்களின் முழுத்தொகுப்புகள் பல சாத்தியமானதற்கு அவர் சேர்த்த தாள்கள் ஒரு முக்கியக் காரணம்.

இன்று நேர்த்தியான பதிப்புகளில் மூல வடிவம் மீட்கப்பட்டுவிட்டதாக மகிழ்கிறோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் தடித்த அட்டைக்குள் வந்த தொடரும் ஒரு மறுபதிப்புதான். நாளுக்கு ஒன்றாகப் படித்த வாசகனின் காத்திருப்பை எந்தப் பதிப்பும் திருப்பித் தரப்போவதில்லை. அப்படியொரு தொகுப்பு கைக்குக் கிடைத்தால், ஒரே மூச்சில் முடித்துவிடாமல் நாளொன்றுக்குச் சில வரிசைகள் என்று படித்துப் பார்க்கலாம். கூறியது கூறலாகத் தெரிந்தவை எதற்காக அங்கே இருக்கின்றன என்பது அப்போது புரியத் தொடங்கும்.