ஏற்றத்தில் இழுத்த என்ஜின்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. தெரிந்தது என்ஜின் ஒன்றுதான். ஆகவே ஒரு பழைய டிரக் என்ஜினின் சரித்திரத்தையும், அதனிடம் நான் பட்ட அவமானத்தையும் எழுதுகிறேன்.

ஹீட் என்ஜின்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? ரோப் பிரேக் டிரம்முக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவன், ஸ்பிரிங் பேலன்ஸ் பார்க்க ஒருவன், ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கை ‘அட்ஜஸ்ட்’ செய்ய ஒருவன்! அன்று நாம் மனப்பாடம் செய்தது ‘டூ பை என்.டி. பை 4500’. இன்றைய மாணவர்களுக்குக் கிலோவாட் கணக்கு, கீழே 60,000. இதில் ‘என்’ என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. ‘டி’ என்பது டார்க், அதாவது முறுக்குவிசை. எங்கள் சார் சாக்பீஸால் ‘டி’யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “எச்.பி.யைப் பார்த்து மயங்காதீங்கப்பா. நிக்கிற லோடை நகர்த்துறது இதுதான்” என்பார். பரீட்சைக்கு எழுதினேன், புரிந்துகொள்ளவில்லை. புரியப் பல வருஷங்கள் ஆயின.

குதிரைத்திறன் என்ற அளவைத் தந்தவர் ஜேம்ஸ் வாட். ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று அவர் கணக்கு வைத்தார். அந்த வேலையை மெதுவாகச் சுற்றி பலமாகவும் செய்யலாம், வேகமாகச் சுற்றி லேசாகவும் செய்யலாம். எச்.பி. ஒன்றேதான், குணம் வேறு. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு 2.9 லிட்டர் என்ஜின் இருந்தும் திறன் வெறும் 20 எச்.பி. இன்றைய மோட்டார் சைக்கிள்கூட அதைத் தாண்டிவிடும். ஆனால் அது 900 சுற்றிலேயே 83 பவுண்டு-அடி டார்க் கொடுத்தது. சேற்றிலும் மேட்டிலும் வண்டி ஏறியது அதனால்தான். 1917-ல் அதே என்ஜினை வைத்து டிடி என்ற ஒரு டன் லாரியும் வந்தது.

1929-ல் செவர்லே ஆறு சிலிண்டர் என்ஜினைக் கொண்டுவந்தது. 1932-ல் ஃபோர்டு வி-8 என்ஜினை மலிவு விலைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அமெரிக்காவில் எச்.பி. போட்டிதான். கார்களெல்லாம் வி-8 பக்கம் ஓடின. லோடு இழுக்கிற வண்டிகளில் மட்டும், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் நிற்கும் என்ஜின் தன் இடத்தை விடவில்லை.

நம் கதாநாயகன் பிறந்தது 1965-ல். பெயர் வெறும் எண்: ஃபோர்டு 300. கொள்ளளவு 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர். போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.98 அங்குலம். கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங். கேம்ஷாஃப்ட்டைச் சுற்ற செயினும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது, கியரோடு கியர். கனரக மாடல்களுக்கு ஃபோர்ஜ் செய்த கிராங்க். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில். பார்க்க அழகில்லை. ஆனால் பிக்கப் டிரக், பார்சல் வேன், ஏர்போர்ட்டில் சாமான் இழுக்கும் டிராக்டர், தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர் என்று எங்கெங்கோ உழைத்தது.

இதன் குணம் தெரிய, இதே கம்பெனியின் 302 வி-8 என்ஜினைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது 1968-ல் வந்தது. போர் அதே 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.00, சிலிண்டர் எட்டு. கொள்ளளவு ஏறக்குறைய சமம். உச்ச டார்க்கிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வி-8 தன் உச்சத்துக்குப் போக இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். 1987-லிருந்து பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு வந்த 300-க்கு 2000 சுற்றிலேயே சுமார் 260 பவுண்டு-அடி, நம் பழைய கணக்கில் 36 கிலோகிராம்-மீட்டர். ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் 100 எச்.பி.தான் வரும். அதிகபட்சமே 3400 சுற்றில் 150 எச்.பி.தான்.

“ஸ்ட்ரோக் நீளம், அதனால் கிராங்க் நெம்புகோல் நீளம், அதனால் இழுவை” என்று பலர் சொல்வார்கள். நானும் சொல்லித் திரிந்தவன்தான். கணக்கு அப்படி இல்லை. கொள்ளளவு மாறாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால் பிஸ்டனின் பரப்பு அதே விகிதத்தில் குறைகிறது. இங்கே கிடைத்தது அங்கே போய்விடும். டார்க் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கொள்ளளவும், சிலிண்டருக்குள் ஏற்படும் சராசரி அழுத்தமும்தான். அந்த டார்க் எந்த வேகத்தில் வரும் என்பதைத் தீர்மானிப்பது என்ஜின் மூச்சுவிடும் விதம்: கேம், வால்வு, போர்ட், கார்புரேட்டர்.

இனி என் அவமானத்துக்கு வருகிறேன். 1990-களில் ஒஹாயோ மாநிலத்துக் கிராமப்புறம் ஒன்றில் குடியிருந்தேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் 300 போட்ட 1978 மாடல் பிக்கப் ஒன்று இருந்தது. புகை தள்ளியது. நான் மெக்கானிக்கல் என்ஜினியர் என்று தெரிந்ததும், “நீங்களே பார்த்துச் செய்யுங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். குளிர்காலம் முழுக்க அவர் கொட்டகையில் வேலை. ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டலாக்கைப் புரட்டி, வால்வை நெடுநேரம் திறந்து வைக்கிற ரேஸ் ரகக் கேம்ஷாஃப்ட்டையும், நான்கு வாய் உள்ள பெரிய கார்புரேட்டரையும் வரவழைத்தேன். எச்.பி. மோகம்!

காலி ரோட்டில் 3000 சுற்றுக்கு மேல் வண்டி சீறியது. பெரியவர் முதுகில் தட்டினார். ஜூனில் வைக்கோல் புல் அறுத்து டிரெயிலரில் ஏற்றினார்கள். வயலிலிருந்து ரோட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம். கிளட்சை விட்டதும் என்ஜின் நின்றது. மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை சுற்றை ஏற்றி விட்டதில் கிளட்ச் கருகிய நாற்றம். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. டிராக்டர் தேடி இன்னொரு பண்ணைக்கு ஆள் ஓடினான். அது வருவதற்குள் மழை வந்துவிட்டது. நனைந்த புல் பூஞ்சை பிடிக்கும், மாட்டுக்கு ஆகாது. பாதி லோடு வீண். பெரியவர் திட்டவில்லை. “முன்னாடி இது இழுத்துச்சே” என்று மட்டும் சொன்னார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் சார் போட்ட வட்டம் புரிந்தது. இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், மெதுவான வேகத்தில், மேலே ஏறி வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையையே திரும்ப வெளியே தள்ளிவிடுகிறது. சிலிண்டர் நிறைவதில்லை. வேகமாகச் சுற்றும்போது காற்று தன் உந்தத்தாலேயே உள்ளே வந்து நிரப்பும். அதனால் மேலே சீறியது. பெரிய கார்புரேட்டரிலோ மெதுவான வேகத்தில் காற்று சோம்பலாக நகரும். பெட்ரோல் சரியாகத் தூளாகாது. மேலே சம்பாதித்ததற்கெல்லாம் கீழே விலை கொடுத்திருந்தேன். அந்த வண்டியோ மேலே போகவே போகாத வண்டி!

அடுத்த குளிர்காலத்தில், என் செலவில், எல்லாவற்றையும் பிரித்தேன். வால்வைச் சீக்கிரம் மூடும் சாதுவான கேம் போட்டு, அதையும் 4 டிகிரி முன்தள்ளிப் பொருத்தினேன். கேமிலிருந்த ஃபைபர் டைமிங் கியருக்குப் பதிலாக உலோகக் கியர். சின்ன கார்புரேட்டர். ஹெட்டைக் கொஞ்சம் மழித்துக் கம்ப்ரெஷனை ஓரளவு ஏற்றினேன். பேராசைப்பட்டால் நாக்கிங் வரும். இன்ஜெக்‌ஷன் மாடலுக்கு இரண்டு துண்டாக வந்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இதற்கும் அது பொருந்தும். டிஸ்டிரிபியூட்டர் அட்வான்ஸையும் சரிபார்த்தேன். எந்தப் பாகத்தைத் தொட்டாலும் ஒரே கேள்விதான்: 1000-லிருந்து 2500 சுற்றுக்குள் இது உதவுமா?

அடுத்த ஜூனில் பெரியவர் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். அதே ஏற்றம், அதே டிரெயிலர். கிளட்சை விட்டார். என்ஜின் ஒருமுறை குனிந்து மூச்சு வாங்கியது போலிருந்தது. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே ஏறிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, நானும்தான்.

1996-ல் 300-இன் உற்பத்தி நின்றது. 31 வருஷம்! ஃபோர்டு அடுத்த வருஷ மாடலில் 4.2 லிட்டர் வி-6 போட்டது.

நம் ஊர் ரோட்டிலும் இதே பாடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாடா லாரிகளின் 692 டீசல் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் என்பதே அந்தப் பெயர். ஸ்ட்ரோக் 120, கொள்ளளவு சுமார் 4.8 லிட்டர், 300-க்குக் கிட்டத்தட்ட சமம். அடுத்து வந்த 697-இல் 97 போர், 128 ஸ்ட்ரோக், 5.7 லிட்டர். இழுவை போதாதபோது சுற்றைக் கூட்டவில்லை, கொள்ளளவைக் கூட்டினார்கள் பாருங்கள்!

தம்பி தங்கைகளே, இன்று எலெக்ட்ரிக் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு டார்க்கையும் தந்துவிடுகிறது. கேமும் கார்புரேட்டரும் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் எதைச் செய்ய உட்கார்ந்தாலும், இது எந்த லோடை, எந்த ஏற்றத்தில், எந்த வேகத்தில் இழுக்கப் போகிறது என்று முதலில் அந்த வண்டிக்காரரைக் கேளுங்கள். நான் கேட்காததற்கு அரை லோடு புல் போயிற்று.

மாலை டீ இடைவேளையில் பழைய லேப் பக்கம் வாருங்கள், அந்த ரோப் பிரேக் டிரம் இன்னும் இருக்கிறதா பார்ப்போம். இருந்தால் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு!

– ஒரு பழைய மெக்கானிக்கல் மாணவன்