பணியிடத்தில் பாலீர்ப்பு: அந்தரங்கமும் உரிமைப் போராட்டமும்

ஒருவர் யாரை விரும்புகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அதைக் காரணம் காட்டி வேலை பறிக்கப்பட்டால், நீதி கேட்பதற்காக அதே விஷயத்தை ஊரறியப் பேச நேர்கிறது. பணியிட உரிமைகளின் வரலாற்றில் இந்த முரண் பலமுறை எழுந்துள்ளது.

முன்னோடி வழக்கு

அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் கேமனி, தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1957-இல் ராணுவ வரைபடத் துறையிலிருந்து நீக்கப்பட்டார். 1961-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்க மறுத்தது. அதன்பின் அவர் வெளிப்படையாகப் போராடத் தொடங்கினார். 2009-இல் அமெரிக்க அரசு அவரிடம் மன்னிப்புக் கோரியது.

சிராஸ் வழக்கு

ராமச்சந்திர சிராஸ் மராத்திக் கவிஞர்; அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் நவீன இந்திய மொழிகள் துறைத் தலைவர். 2010 பிப்ரவரி 8 அன்று சிலர் ஒளிப்பதிவுக் கருவியுடன் அவருடைய வீட்டுக்குள் நுழைந்து, அவர் ஓர் ஆணுடன் இருந்ததைப் படம்பிடித்தனர். பல்கலைக்கழகம் அத்துமீறியவர்களை விட்டுவிட்டு அவரையே இடைநீக்கம் செய்தது. வயது வந்தோரின் தன்பாலுறவு குற்றமல்ல என்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது ஏழு மாதங்களே ஆகியிருந்தன.

செயற்பாட்டாளர்களும் வழக்கறிஞர்களும் அவருக்குத் துணை நின்றனர். அந்தரங்க உரிமையைக் காக்கவே வழக்கு தொடுக்கப்பட்டது. ஆனால் அதனாலேயே அவருடைய பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. ஏப்ரல் 1-ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடைநீக்கத்துக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் தம் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார்.

தமிழ்நாட்டில்

பாலின அடையாளமும் பாலீர்ப்பும் வெவ்வேறானவை. எனினும் அந்தரங்கம் பற்றிய கேள்வி இரண்டிலும் எழுகிறது. கரூர் மாவட்டத்தில் பெண் காவலர் ஒருவர் மருத்துவப் பரிசோதனை முடிவைக் காரணமாகக் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு என 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரித்திகா யாஷினியோ, தாம் திருநங்கை என்பதை வெளிப்படையாக அறிவித்தே காவல்துறைப் பணி கேட்டார். 2015-இல் அதே நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் அவர் உதவி ஆய்வாளரானார்.

சட்ட நிலை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றும், பாலீர்ப்பும் அதில் அடங்கும் என்றும் 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் மனமொத்து உறவுகொள்வதைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பகுதி செல்லாததாயிற்று. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் திருநர்களைப் பணியிடப் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. தன்பாலீர்ப்பாளருக்கு அத்தகைய தனிச்சட்டம் இன்னும் இல்லை.

கேமனியும் பிரித்திகாவும் தாமே முன்வந்து பேசினர். சிராஸுக்கோ அந்தத் தேர்வு மறுக்கப்பட்டது. போராட்டத்துக்கு முகம் தருவதும் மௌனமாக இருப்பதும் உரியவரின் முடிவாக இருக்க வேண்டும். அவர் சொல்லாததைச் சக ஊழியரோ நிர்வாகமோ நல்லெண்ணத்தில்கூட வெளியே சொல்லலாகாது.